பாதரசம் பட்ட மோதிரம்

கருப்புசாமி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதை போகிற போக்கில் சந்தேகம் வரும். பதினேழு வயசுப் பையன், அடிதடிக்குப் போகாதவன், பீடி தொடாதவன். அவன் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வீட்டை நாறடிக்க அது போதாதா?

வேலந்தாவளத்துக்கு மேற்கே இரண்டு கல் தள்ளி, கொச்சி மகாராஜா சீமையின் விளிம்பில், அவனுடைய ஐயன் குப்பண்ணனுக்குத் தோட்டம் இருந்தது. சோளம், நிலக்கடலை, மாடு கட்டிக் கவலையில், அதாவது தோல் சாலில், தண்ணீர் இறைக்கிற ஆழக் கிணறு. மூத்த மகன் சென்னிமலை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். இளையவன் கருப்புசாமி தினமும் ஐந்து கல் நடந்து போய் ஹைஸ்கூலில் ஐந்தாம் பாரம் படித்தான். அவன் படிப்பதில் குப்பண்ணனுக்கு மனசே இல்லை. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துப் புகார் வந்தபோதே அவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு புகார் வந்துதுன்னா புஸ்தகத்தை அடுப்புல வச்சுட்டு ஏர் புடிக்க வந்துரோணும்." குப்பண்ணன் சொன்னால் செய்கிற ஆள். அதனால் கருப்புசாமி பள்ளிக்கூடத்தில் மூச்சு விடுவதற்குக்கூட யோசித்தான்.

அந்த வீட்டில் அவன் படிப்பை மதித்த ஒரே ஆள் சென்னிமலையின் மனைவி முத்தாத்தாள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். தை மாதம் கலியாணமாகி வந்தவள், வயசு பத்தொன்பது. அவள் ஊரில் திண்ணைப் பள்ளியோ என்னவோ மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அந்தத் தலைக்குள் இருந்த கேள்விகள் நிற்கவில்லை. சாயங்காலம் அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் குத்த வைத்துக்கொள்வாள்.

"தம்பி, இன்னைக்கு என்னங்க படிச்சீங்க?"

கேட்காத நாள் கிடையாது. அவனும் வாத்தியாரைப் போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். பூமி சுற்றுகிறது என்றால், "அப்பறம் கெணத்துத் தண்ணி ஏனுங்க சிந்தறதில்லை?" என்பாள். பாதி நேரம் பதில் தெரியாது. மறுநாள் பவுல்ராஜ் சாரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்வான். பையனுக்கு வகுப்பில் கெட்டிக்காரன் என்று பேர் வந்தது அவள் புண்ணியத்தில்தான். சார் என்னவோ இவன் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பவுல்ராஜ் சார் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆவணி பிறந்ததும் ரசாயனப் பாடம் எடுத்தார். பீங்கான் தட்டில் பாதரசத்தை ஊற்றி, மேசையைச் சுற்றிப் பையன்களை நிற்க வைத்தார். தட்டைச் சாய்த்தால் அது ஓடியது. விரலால் தொட்டால் உடைந்து பத்து மணியாகி, பத்தும் திரும்ப ஓடி வந்து ஒன்றாகிவிட்டது. மலையாளத்துப் பையன்கள், தமிழ்ப் பையன்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"பாத்தியால, இது ஒரு எலிமெண்ட்டு. மூலப்பொருள். வெட்டு, சுடு, கரை, எதுகூட வேணும்னாலும் சேத்துப் பாரு. அது அதுவாத்தான் இருக்கும். வேற ஒண்ணாப் பிரியாது" என்றார் சார். "நாளைக்கு ஆளுக்கொரு எலிமெண்ட்டு வீட்டுல இருந்து கொண்டாங்க. இரும்பு, கரி, செம்பு, என்ன கெடைக்குதோ அது. தங்கத்தை மட்டும் எவனும் கொண்டாரப் போறதில்ல. உங்க வீட்டுல தோலை உரிச்சிருவாவ."

வகுப்பு சிரித்தது. கருப்புசாமிக்கு ரோஷம் வந்தது. ஏன், எங்கள் வீட்டில் தங்கம் இல்லையா என்று தோன்றியது. இந்த ரோஷம் என்கிற சனியன் பிடிக்காவிட்டால் அவன் ஒரு ஆணியையோ அடுப்புக் கரியையோ எடுத்துப் போயிருப்பான். கதையும் இருந்திருக்காது.

சாயங்காலம் நங்கையிடம் சொன்னான். அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள். உள்ளே போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். உள்ளே மோதிரம் இருந்தது.

"கொண்டு போங்க தம்பி. நானுந்தான் வர முடியாது. என்ர மோதிரமாச்சும் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்துட்டு வரட்டும். அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க."

அது அவள் அப்பன் சின்னையன் போட்ட மோதிரம். கலியாணத்துக்கு எல்லாம் சேர்த்த பிறகு மோதிரத்துக்கு மட்டும் பொன் இல்லாமல் போக, நாற்பது வருஷம் தன் காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றி உருக்கிச் செய்தது. இது கருப்புசாமிக்கும் தெரியும். கலியாணத்தில் அந்த மனுஷனின் காதில் வெறும் ஓட்டை தொங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் மேசை மேல், பாதரசத் தட்டுக்குப் பக்கத்தில், இரும்பாணி வந்தது, கரி வந்தது, வெடிக்காரரிடம் வாங்கிய கந்தகம் வந்தது. ஒருத்தன் உப்பைக் கொண்டு வந்து திட்டு வாங்கினான். ஒருத்தன் பித்தளை விளக்கைத் தூக்கி வந்து, அது எலிமெண்ட்டுதான் என்று சாரிடமே மல்லுக்கு நின்றான். கடைசியில் கருப்புசாமி முடிச்சை அவிழ்த்தான். சார் மோதிரத்தை வெள்ளைத் தாளில் வைத்துவிட்டு அவனைத் தட்டிக் கொடுத்தார். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தச் சந்தோஷத்தை நங்கைக்கும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. எதைக் கொண்டுபோவது? அதோ, தட்டில் உருண்டுகொண்டிருக்கிறதே.

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது, தட்டிலிருந்து கொட்டைப் பாக்கு அளவுக்குப் பாதரசத்தை நோட்டுத் தாளில் சாய்த்து, மடித்து, வேட்டி மடியில் சொருகிக்கொண்டான். மோதிர முடிச்சையும் அதே மடியில்தான் வைத்தான். மணி அடித்தது. "ரசமும் தங்கமும் சேர்ந்தா என்னாகும்னு நாளைக்குச் சொல்லுதேன்" என்று சார் புத்தகத்தை மூடினார்.

ஐந்து கல் நடை. தாள் என்ன பாதரசத்தைப் பிடித்து வைக்கிற சாமானா? வாய்க்கால் பக்கம் வந்ததும் ஆசையாக மடியை அவிழ்த்துப் பார்த்தான். தாள் காலி. துணி முடிச்சைப் பிரித்தால், மோதிரம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மணலில் தேய்த்தான், வேட்டியில் துடைத்தான், வழியில் புளியம்பழம் பொறுக்கி அதையும் போட்டுத் தேய்த்தான். முந்தி ஒன்றிரண்டு இடத்தில் தெரிந்த மஞ்சளும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது நங்கை மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சை நீட்டினான்.

"பார்த்துட்டு வந்துச்சுங்களா?" என்று சிரித்தாள்.

"வந்துச்சுங்க" என்றான்.

அதற்குள் அவன் ஆத்தா உள்ளேயிருந்து கூப்பிட, அவள் பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டாள். பையனுக்கு ஒரு ராத்திரி கிடைத்தது. நாளைக்குச் சாரிடம் வழி கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் பண்ணிக்கொண்டான்.

வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பாடமே அதுதான். "தங்கத்துல ரசம் பட்டா ஏறிக்கிடும். தங்கம் வெளுத்துப் போகும். அதுக்காகத் தங்கம் எங்கயும் போயிரல. தணல்ல காட்டினா ரசம் ஆவியாப் பறந்திரும், தங்கம் நிக்கும். புரிஞ்சுதால?" என்றார் சார். கருப்புசாமிக்குப் புரிந்ததைப் போல வேறு யாருக்கும் புரிந்திருக்காது. நங்கையிடம் மோதிரத்தை வாங்கி, யாருமில்லாத நேரம் பார்த்து அடுப்புத் தணலில் காட்டிவிடலாம். அன்றைக்கு ஐந்து கல்லையும் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

வந்து பார்த்தால் மோதிரம் ஐயன் உள்ளங்கையில் இருந்தது.

நடந்தது இதுதான். பக்கத்துத் தோட்டத்தில் சீர் விசேஷம். மருமகளைக் கூட்டிக்கொண்டு போக ஆத்தா நகையெல்லாம் போடச் சொன்னாள். பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தால் வெள்ளை மோதிரம். ஆத்தா போட்ட சத்தத்தில் சென்னிமலை கவலை மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். ஆள் விட்டு ஆறுமுக ஆசாரியைக் கூப்பிட்டார்கள்.

ஆசாரி மோதிரத்தை உரைகல்லில் இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல ரசம் இருக்குதுங்க" என்றார். "வெள்ளியில ரசம் வச்சுத் தங்கத்தைப் பூசறது உண்டு. நாங்களும் செய்யறதுதான். பூச்சு சரியாப் புடிக்கலீன்னா நாள்பட்டு இப்படித்தான் வெளிய காட்டிக் குடுத்துரும். உள்ள வெள்ளியாத்தான் இருக்கோணும். தீயில போட்டாலோ, அரம் போட்டு அறுத்தாலோ தெரிஞ்சு போயிருமுங்க."

பாருங்கள், தொழில் தெரிந்த மனுஷன். பாதரசத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததனால்தான் வினை. பாதரசம் என்றால் ஆசாரிக்குத் தெரிந்தது பூச்சு வேலை ஒன்றுதான். அது ஒரு பள்ளிக்கூடப் பையன் மடியிலிருந்து வரும் என்று அவர் எப்படி நினைப்பார்?

தீயில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டு உண்டு. பெண் கொண்டுவந்த சீர்ப் பொன், வருஷம் திரும்புகிறவரை தீயையும் பார்க்கக் கூடாது, அரத்தையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் கட்டினவனுக்கு ஆகாது. ஆத்தா தன் மகனை நினைத்துப் பதறினாள். "வேண்டாமுங்க ஆசாரி, தை வரைக்கும் தொடக் கூடாது. அதான் பல்லு இளிச்சுப் போச்சே, இன்னி என்னத்தைப் பார்க்கறது?"

மற்ற நகைகளையும் கல்லில் இழுத்தார்கள். எல்லாம் பொன். அதுவும் குற்றமாகத்தான் போய் முடிந்தது. "ஊர் பார்க்கறதையெல்லாம் தங்கத்துல போட்டுட்டு, யார் பார்க்கப் போறாங்கன்னு மோதிரத்துல கை வச்சுட்டான். காதைக் காட்டிக் காட்டியே நம்மளை ஏமாத்திட்டான்" என்றார் குப்பண்ணன். பிறகு மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

முத்தாத்தாள் நிமிர்ந்தாள். கதவோரம் புத்தகத்தோடு நின்ற கருப்புசாமியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவள் கண்ணில் கோபம் இல்லை. நீ சொல்லு என்று இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் திருடினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கே ஏர். வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான்.

"பொட்டியில பத்திரமாத்தானுங்க இருந்துது. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க மாமா" என்றாள் முத்தாத்தாள்.

அன்றிலிருந்து ஆத்தா அவளைச் சாமி விளக்கைத் தொட விடவில்லை. "கொண்டு வந்ததே பூச்சு, ஆளும் அப்படித்தான் இருப்பா" என்பது ஆத்தாவின் வாயில் நாளுக்குப் பத்து தடவை வந்தது. சென்னிமலை அம்மாவையும் எதிர்க்கவில்லை, மனைவியையும் தேற்றவில்லை. பொழுதன்றைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு என்ன சுகம் கண்டாளோ. மோதிரத்தை ஐயன் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். சின்னையனுக்கு ஆள் போயிற்று. சந்தையன்றைக்கு வருகிறேன், வேறு மோதிரத்தோடு வருகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

கருப்புசாமி மூன்றாம் நாள் பவுல்ராஜ் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் வீட்டுக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னால் ஐயன் கேட்பார் என்று நம்பினான். சார் முகம் செத்துப்போயிற்று. கதவைச் சாத்தினார்.

"ஏலே, ஹெட்மாஸ்டர் இல்லாம அந்த அலமாரியைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் திறந்தேன், தட்டையும் உங்க நடுவுல வச்சேன். எனக்கு நாலு பிள்ளைங்க இருக்குல. அதைத் தீயில காட்டிரு, சரியாப் போயிரும். ரசம் எங்க கெடைச்சுதுன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத."

வெளியே வந்தபோது கருப்புசாமிக்கு மனசு லேசாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. சாருக்காகத்தான் நாம் பேசாமல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. அந்தக் காரணம் வீடு வந்து சேருகிறவரைதான் தாங்கியது.

கிணற்றடியில் முத்தாத்தாள் தனியாக நின்றாள்.

"நங்கை, அது ரசமுங்க. பள்ளிக்கூடத்துல இருந்து உங்களுக்குக் காட்டறதுக்குன்னு நான்..."

"எனக்குத் தெரியுமுங்க தம்பி" என்றாள். "கொண்டு போறப்ப மஞ்சளா இருந்துது. வரப்ப வெள்ளையா இருந்துது. அதைத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் அஞ்சாம் பாரம் படிக்கோணுமா?"

"தீயில காட்டினாப் போயிருமுங்க."

"தீயில காட்டுவீங்களோ, தண்ணியில போடுவீங்களோ, அது உங்க பாடு. என்ர அப்பனைத் திருடன்னு சொல்லறாங்க. நான் வாயைத் தொறந்தா, வந்து ஆறு மாசத்துல கொழுந்தன் மேல பழி போடறாள்னுதான் ஆகும். நீங்க சொன்னாத்தானுங்க அது பேச்சு. சந்தைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குது. சொல்லுவீங்கன்னு இருக்கறேன்."

"நாளைக்குச் சொல்லறனுங்க."

நாளைக்கு ஐயனுக்கு மாடு உதைத்துக் கால் வலி. கோபத்தில் இருந்தார். அதற்கு மறுநாள் கடலைக்கு நல்ல மழை பெய்து சிரித்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று இருந்தது. அதற்கு மறுநாள் பரீட்சை. ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சொல்லலாம் என்று இருந்தான், விட்டார்கள், ஓணமும் வந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு நாளையும் அவன் தின்று தீர்த்தான். ராத்திரி சோறு இறங்கவில்லை. முத்தாத்தாள் அப்போதும் எதிரில் உட்கார்ந்து பரிமாறினாள். "இன்னைக்கு என்னங்க படிச்சீங்க?" என்று அப்போதும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இப்போது ஒரே பதில்தான் வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். "ஒண்ணும் படிக்கலீங்க" என்று அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.

சந்தை நாள் வந்தது. மூக்கணாங்கயிறு வாங்கிவா என்று ஐயன் அவனை வேலந்தாவளத்துக்கு அனுப்பினார். மாட்டுச் சந்தையில் தூசியும் கத்தலும். கயிற்றுக் கடைக்குப் போகிற வழியில் சின்னையனைப் பார்த்துவிட்டான். கையில் ஒரு மாடு. ஒற்றை மாடு. ஏரில் இடது பக்கம் பூட்டுகிற மாடு, கொம்புக்குச் சிவப்புச் சாயம் பூசியது. கலியாணத்துக்கு வந்த வண்டியை இழுத்த சோடியில் ஒன்று. தரகன் துண்டைப் போட்டு அதன் அடியில் சின்னையனின் விரல்களைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தான்.

இருபது அடி தூரம். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஓடிப் போய், விக்காதீங்க மாமா, மோதிரம் தங்கம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கருப்புசாமி நின்றான். துண்டுக்கடியில் விரல்கள் அசைந்தன. தரகன் தலையாட்டினான்.

சின்னையன்தான் அவனை முதலில் கூப்பிட்டார். "அட, மாப்பிள்ளையோட தம்பிங்களா. வாங்க சாமி. பள்ளிக்கூடம் லீவுங்களா?"

"மாட்டை ஏனுங்க விக்கறீங்க?" இதுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

"வயசாயிருச்சுங்க சாமி. இன்னி வச்சிருந்து என்ன பண்ணறது?" என்றார் அவர். நாலு பல் போட்ட இளம் மாடு அது. குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் பொரிகடலைக்காரனைக் கூப்பிட்டு ஒரு பொட்டணம் வாங்கி அவன் கையில் திணித்தார். "தின்னுங்க. நடந்து வந்திருப்பீங்க. என்ர புள்ளை நல்லா இருக்கறாளுங்களா?"

குனிந்தபோது அந்தக் காது அவன் கண்ணுக்கு நேரே வந்தது. தொளை விழுந்து தொங்கிய வெறும் சதை. கருப்புசாமி தலையை ஆட்டினான். பொரியைத் தின்றான். ஆமாம், தின்றான். வாயில் ஏதாவது இருந்தால் பேசாமல் இருக்கலாம் அல்லவா. வாங்கினவன் தன் புதுக் கயிற்றைப் போட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். பழைய கயிறு வழக்கப்படி சின்னையனிடமே வந்தது. அதைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க போங்க சாமி, நான் நகைக் கடைக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் அவர் வந்தார். குப்பண்ணன், ஆத்தா, சென்னிமலை, உரைகல்லோடு ஆறுமுக ஆசாரி, எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். முத்தாத்தாள் சமையற்கட்டு வாசலில் நின்றாள். சின்னையன் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். புது மோதிரத்தை ஆசாரி முன்னால் வைத்தார்.

"பார்த்துக்குங்க. இதுல குத்தம் வராது. பழசை எனக்குக் குடுத்துருங்க மச்சான். அது என்ர காதுல கெடந்த பொன்னு. உங்களுக்கு அது வெள்ளியோ பித்தளையோ, எனக்கு அது என்ர அப்பன் காது குத்திப் போட்டு உட்டது. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. சத்தியம் பண்ணினா நம்பவா போறீங்க? என்ர புள்ளையை மட்டும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

குப்பண்ணன் பழைய மோதிரத்தை எடுத்து, கொடுக்கிற மாதிரிக் கொடுக்கவில்லை, தரையில் உருட்டிவிட்டார். அது உருண்டு கருப்புசாமியின் கால்மாட்டில் வந்து விழுந்தது. சின்னையன் அதை எடுக்கக் குனிந்தார். தன் காலடியில் அந்தக் கிழவன் குனிகிறதைக் கருப்புசாமியால் தாங்க முடியவில்லை. மோதிரத்தைப் பொறுக்கினான், சமையற்கட்டுக்குள் ஓடினான், அடுப்பில் கனன்றுகொண்டிருந்த தணலுக்குள் போட்டான்.

"ஐயோ, சீர்ப் பொன்னு" என்று அலறிக்கொண்டு ஆத்தா ஓடி வந்தாள். சென்னிமலை வந்தான், எல்லாரும் வந்தார்கள். ஆத்தா கையை நீட்டுவதற்குள் அவன் குறுக்கே நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் இடுக்கியால் மோதிரத்தை எடுத்துத் தரையில் வைத்தான். சாம்பலை ஊதினான். மங்கலாக, சொரசொரவென்று, ஆனால் மஞ்சளாக இருந்தது. ஆசாரி கல்லில் இழுத்தார். பொன் கோடு.

பிறகு ஆத்தா மூச்சை இழுத்துவிட்டுத் தடாலென்று விழுந்தாள், முத்தாத்தாள் காலில். "மாகாளியாத்தா, என்ர கண்ணைத் தொறந்துட்டயே. தீயே வந்து சாட்சி சொல்லிருச்சே. உத்தமியைப் போயி பேசிப்போட்டனே சாமி." சென்னிமலை கையெடுத்துக் கும்பிட்டான். குப்பண்ணன் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

அப்போதுதான் கருப்புசாமி சொன்னான். ஒன்பது நாள் கழித்து.

"சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. அது பாதரசம். நான்தான் பள்ளிக்கூடத்துல திருடிக்கிட்டு வந்தேன். நங்கைகிட்ட மோதிரத்தையும் நான்தான் வாங்கிட்டுப் போனேன். ரெண்டும் ஒண்ணாப் பட்டு வெளுத்துப் போச்சுங்க. தீயில காட்டினா ரசம் போயிரும். அதான் போட்டேன்."

குப்பண்ணன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "கேட்டீங்களா மச்சான். நங்கை மேல வந்த பழியை இவன் தூக்கித் தன் தலையில வச்சுக்கறான். எங்களுக்கெல்லாம் இல்லாத நம்பிக்கை இந்தச் சின்னப் பையனுக்கு இருந்துது, தைரியமாத் தீயில போட்டான் பாருங்க."

"இல்லீங்கய்யா, நெசமாவே நான்தான்."

"ஏனுங்க ஆசாரி, இவன் சொல்லற மாதிரி ஆகுமுங்களா?"

ஆசாரி மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஆகும் என்று சொன்னால், அன்றைக்குப் பூச்சு என்று தீர்ப்புச் சொன்ன தன் வாய் பொய்வாய். அம்மன் காரியம் என்றால் யார் பேரும் கெடாது. அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "தீ சொன்னதுக்கு மேல நான் என்னத்தைங்க சொல்லறது?"

குப்பண்ணன் மகன் தோளில் கை போட்டார். பிறந்ததிலிருந்து அவர் அப்படிப் போட்டதில்லை. "நீ படிடா. பி.ஏ. வரைக்கும் படி. உன்னை எவன் ஏர் புடிக்கச் சொல்லறான்னு பார்க்கறேன்."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கத்திச் சொல்லியிருக்கலாம், சாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோள் மேல் இருந்த அந்தக் கை கனமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. கருப்புசாமி சும்மா நின்றான். வாசலில் நின்ற முத்தாத்தாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் மூடியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய மோதிரத்தை மகள் விரலில் சின்னையனே போட்டுவிட்டார். புதுசைக் குப்பண்ணன் பிடிவாதமாகத் திருப்பிக் கொடுத்தார். மாட்டைத்தான் யாரும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, வாங்கினவன் எந்த ஊரோ. விருந்து சாப்பிட்டுவிட்டு, சம்பந்தியும் தானும் சிரித்துப் பேசிவிட்டு, சின்னையன் வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார். போகும்போது கருப்புசாமியின் தலையில் கை வைத்து, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

ஓணம் கழிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அன்றைக்குச் சார் கந்தகத்தை எரித்துக் காட்டினார். நீல ஜுவாலை. பார்த்த உடனே கருப்புசாமிக்கு நங்கை ஞாபகம் வந்தது. இதை எப்படிச் சொல்வது, அவள் என்ன கேட்பாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான்.

முத்தாத்தாள் தட்டை வைத்தாள். களியை வைத்துக் கீரைக் கடையலை ஊற்றினாள். விரலில் மோதிரம். எவ்வளவு தேய்த்தும் பழைய மினுமினுப்பு வரவில்லை, அம்மைத் தழும்பைப் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. வழக்கம்போல எதிரில் குத்த வைத்தாள். அவன் காத்திருந்தான். அவள் விறகைத் தள்ளிவிட்டாள், அடுப்பை ஊதினாள்.

"நங்கை, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல கந்தகத்தை எரிச்சாங்க" என்று அவனே ஆரம்பித்தான்.

"ஆறிப் போகுது. சாப்பிடுங்க தம்பி" என்றாள் அவள்.

அவன் ஆறாம் பாரம் முடித்தான், பாலக்காட்டுக் காலேஜுக்கும் போனான். அத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டது அவள்தான். ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. இன்றைக்கு என்ன படித்தாய் என்று மட்டும் அவள் அதன் பிறகு கேட்கவே இல்லை.